கடோவிட்சே இறக்கம்: யாகோப்சன் விழுந்ததுக்கு ஒருத்தர் மட்டுமா காரணம்

2020 ஆகஸ்ட் 5. போலந்து நாட்டுல கடோவிட்சே ஊரு. பல நாள் நடக்கற டூர் டி போலோன் சைக்கிள் ரேஸோட மொத நாள், கிட்டத்தட்ட 196 கிலோமீட்டர் ஓட்டி முடிச்சு கடைசி நேர் ரோட்டுக்கு வந்துட்டாங்க. முன்னாடி ரெண்டு டச்சுக்காரங்க. ஒருத்தர் டிலன் க்ரூனவேகன், ஜம்போ விஸ்மா டீம். அவர வலது பக்கமா தாண்ட வர்றவரு ஃபாபியோ யாகோப்சன், குயிக்ஸ்டெப் டீம், வயசு 23, அந்த மாசக் கடைசியில தான் 24 ஆகணும். க்ரூனவேகன் நேரா போகாம வலது பக்கமா சாஞ்சுக்கிட்டே வர்றாரு, யாகோப்சனுக்கு இருந்த சந்து சுருங்கிக்கிட்டே போகுது, ரெண்டு பேரும் உரசுறாங்க, அடுத்த நொடி யாகோப்சன் பேரிகேட் மேல பறந்து அந்தப் பக்கம் போயிட்டாரு. பேரிகேட் எல்லாம் அட்டை மாதிரி பிச்சுக்கிட்டு ரோட்டுக்குள்ளயே வந்து விழுந்து பின்னாடி வந்தவங்களையும் சாச்சுச்சு. க்ரூனவேகனும் விழுந்தாரு, காலர் எலும்பு உடைஞ்சுது. ஃபினிஷ் லைன் பக்கத்துல நின்ன ரேஸ் அதிகாரி ஒருத்தர் மேல யாகோப்சன் போய் மோதினதுல அவருக்கும் பலமான அடி.

அந்த வீடியோவ நான் ரெண்டு தடவைக்கு மேல பாக்கல, பாக்க முடியல. ஆனா அதப்பத்தி வந்தத எல்லாம் படிச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி எல்லாரும் ஒரே ஒரு பேர தான் சொன்னாங்க, நானும் அதே பேர தான் சொன்னேன். இப்ப அப்படி சொல்ல மாட்டேன். க்ரூனவேகன் செஞ்சது தப்பு, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்தத் தப்புக்கு வழக்கமா என்ன ஆகும், அன்னைக்கு ஏன் அவ்வளவு ஆச்சுங்கறது வேற கேள்வி. அத தான் இங்க முழுசா எழுதணும்னு நெனச்சேன்.

மொதல்ல இந்த ஸ்பிரிண்ட், அதாவது கடைசி நேரப் பாய்ச்சல் எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும், ரேஸ் பாக்காதவங்களுக்காக சொல்றேன். ஸ்பிரிண்டர் நாள் முழுக்க ஒளிஞ்சே வருவாரு. எதிர்க்காத்த அவரோட டீம் ஆளுங்க முன்னாடி நின்னு கிழிச்சுக் குடுப்பாங்க, அவரு அந்த மறைவுல ஒட்டிக்கிட்டே வருவாரு, அப்பதான் கால்ல பலம் மிஞ்சும். கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டர்ல ஒவ்வொரு டீமும் ரயில் மாதிரி வரிசை கட்டும், ஒவ்வொருத்தரா முழு மூச்சா இழுத்துட்டு ஒதுங்குவாங்க, இதுக்கு பேரு லீட் அவுட். கடைசி 200 மீட்டர் பக்கம் வந்ததும் ஸ்பிரிண்டர் வெளிய வந்து அடிப்பாரு. பத்துப் பதினஞ்சு செகண்ட் தான் மொத்த வேலையும். அந்த நேரத்துல தலை கீழ இருக்கும், நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும், சைக்கிள் இடமும் வலமும் ஆடும். அதனால தான் ஒரு ரூல் வச்சிருக்காங்க, ஸ்பிரிண்ட ஆரம்பிச்சா நீ எந்தக் கோட்டுல போறியோ அந்தக் கோட்ட விட்டு விலகி அடுத்தவன் வழிய அடைக்கக் கூடாது. இது அடிக்கடி மீறப்படுற ரூல். மீறினா அன்னைக்கு ரிசல்ட்ட பறிப்பாங்க, பின்னாடி தள்ளுவாங்க, ஃபைன் போடுவாங்க, அடுத்த நாள் எல்லாரும் கிளம்பிடுவாங்க. அதாவது தப்பு புதுசு இல்ல, பழைய தப்பு தான்.

அன்னைக்கு வித்தியாசமா இருந்தது ரோடு. கடோவிட்சேல ஃபினிஷ் இறக்கத்துல இருந்துச்சு. சமதளத்துல ஸ்பிரிண்ட்னா 65, 70 கிலோமீட்டர் வேகம் இருக்கும். அங்க கிட்டத்தட்ட 80. கேட்டா கொஞ்சம் தான் கூடன்னு தோணும், ஆனா 65ல இருந்து 80க்கு போனா மோதும்போது உடம்புல இறங்குற சக்தி ஒன்றரை மடங்கு ஆயிடும், ஏன்னா வேகம் கூடினா அது வர்க்கக் கணக்குல ஏறும். 80ல போறவன் ஒரு செகண்டுல 22 மீட்டர் தாண்டிடுறான், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஆறு ஏழு மீட்டர். பக்கத்துல ஆள் வந்துட்டான், சந்து அடையுது, பிரேக் புடிக்கலாமா வேணாமான்னு யோசிக்கவே நேரம் கெடையாது. இதுல இன்னொரு விஷயம், இறக்கத்துல எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகத்துல போவாங்க, அதனால பலசாலி தனியா பிரிஞ்சு போக முடியாது, பக்கம் பக்கமா ஒட்டிக்கிட்டே தான் லைனுக்கு வருவாங்க. இந்த ஃபினிஷ் ஆபத்துன்னு ரைடர்ஸ் முந்தின வருஷங்கள்லயே சொல்லியிருக்காங்க. ஆனா வேகமான ஸ்பிரிண்ட்ங்கறது பாக்கறவங்களுக்கு விருந்து. அதனால அந்த ரோடு மாறவே இல்ல.

அடுத்தது பேரிகேட். என்னக் கேட்டா இந்த கேஸோட நடு முடிச்சே இதுதான். ஃபினிஷ் ஓரத்துல வைக்கிற தடுப்பு என்ன வேலை செய்யணும்? விழறவன் அதுல சறுக்கி அதே திசையில உருண்டு வந்து நிக்கணும், அது வழிவிடக் கூடாது, கால் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா பூட்டியிருக்கணும். கடோவிட்சேல அந்த வரிசை அப்படியே விட்டுக் குடுத்துச்சு. தடுப்பு தடுக்கல. அதனால யாகோப்சன் ரோட்டுல உருள்றதுக்கு பதிலா 80 கிலோமீட்டர் வேகத்தோட அந்தப் பக்கம் போயி ஃபினிஷ் லைன் ஆர்ச் பக்கம் மோதினாரு, பிரிஞ்ச துண்டுங்க மத்தவங்க மேல பாஞ்சுது. ஒரே ஒரு விஷயம் சரியா இருந்திருந்தா, அதாவது தடுப்பு நின்ன இடத்துலயே நின்னிருந்தா, இது ஒரு மோசமான கீழ விழுந்த கதையா மட்டும் முடிஞ்சிருக்கலாம்னு தான் எனக்குத் தோணுது.

நேரமும் சரியில்லாத நேரம். கொரோனால மார்ச்ல நின்ன பெரிய ரேஸ் எல்லாம் அந்த ஆகஸ்ட் மாசம் தான் திரும்ப ஆரம்பிச்சிருந்துச்சு. அஞ்சு மாசமா கூட்டத்துல முட்டி மோதி ஓட்டாதவங்க, வருஷத்துல மிச்சம் இருக்கற கொஞ்ச நாள்ல ஜெயிச்சே ஆகணும்ங்கற பதட்டம் வேற. இன்னொண்ணு சொல்லாம விட மனசு வரல. சரியா ஒரு வருஷம் முன்னாடி, 2019ல இதே ஆகஸ்ட் 5, இதே போலந்து ரேஸ்ல பெல்ஜியத்தச் சேர்ந்த பியோர்க் லாம்ப்ரெக்ட் விழுந்து செத்துப்போனாரு, 22 வயசு. அவரோட மொத நினைவு நாள் அன்னைக்கு தான் இதுவும் நடந்துச்சு.

விழுந்த உடனே யாகோப்சன் கிட்ட ஓடினவங்கள்ல ஒருத்தர் அவரோட டீம் ஆளு, ஃபிரான்ஸ்காரர் ஃப்ளோரியன் செனெஷால். முகம் முழுக்க ரத்தம், அது தொண்டையில அடைச்சு மூச்சு விட முடியாம தவிக்கறதப் பாத்து தலைய தூக்கிப் புடிச்சிருக்காரு. இந்தப் பேர ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவாரு.

பக்கத்துல சொஸ்னோவியெட்ஸ் ஊரு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. மருந்து குடுத்து கோமாலயே வச்சு முகத்துல மட்டும் அஞ்சு மணி நேரம் ஆபரேஷன். மூளையில அடி, மண்டை ஓட்டுல விரிசல், மூக்கு உடைஞ்சுது, மேல் அண்ணம் கிழிஞ்சுது, பத்து பல்லு போச்சு, மேல் தாடை கீழ் தாடை ரெண்டுலயும் எலும்பு துண்டு துண்டா போச்சு, கட்டை விரல் உடைஞ்சுது, நுரையீரல்லயும் தோள்லயும் அடி, குரல் நாண் நரம்பும் பாதிச்சு அதனால குரலும் பாதிப்பு. முகத்துல போட்ட தையல் மட்டும் 130. ரெண்டு நாள் கழிச்சு கண்ண முழிச்சாரு. போலந்து டாக்டருங்க செஞ்சது சின்ன விஷயம் இல்ல, அவங்க இல்லேன்னா நான் இல்லங்கற அர்த்தத்துல அவரே நன்றி சொல்லியிருக்காரு. அப்புறம் நெதர்லாந்துக்கு கொண்டு வந்து, இடுப்பு எலும்புல இருந்து எடுத்து தாடைய கட்டி, அது ஒட்டினப்புறம் பல்லு வைக்கற வேலை, இப்படி மாசக்கணக்குல இழுத்துச்சு.

ரேஸ் அங்க நிக்கல. நாலாவது நாள் ஸ்டேஜ, அதாவது அன்னைக்கு ஓட்டத்த, யாகோப்சன் டீம்ல இருந்த ரெம்கோ எவனெபோல் தனியா வந்து ஜெயிச்சாரு, அப்ப அவருக்கு இருபது வயசு. லைன தாண்டும்போது ஜெர்சி பாக்கெட்ல இருந்து யாகோப்சனோட ரேஸ் நம்பர எடுத்து தூக்கிக் காட்டினாரு. மொத நாள் ஸ்டேஜ் வெற்றியும் யாகோப்சன் பேருக்கே எழுதப்பட்டுச்சு, க்ரூனவேகன நீக்கினதால. கோமால இருந்தவர் பேருல ஒரு வெற்றி.

இனி தண்டனை. உலக சைக்கிள் ரேஸ் அமைப்பான யூசிஐ அன்னைக்கே அறிக்கை விட்டுச்சு, க்ரூனவேகனோட நடத்தைய வன்மையா கண்டிக்கறோம்னு. குயிக்ஸ்டெப் டீம் தலைவர் பத்ரிக் லெஃபெவெர் இது குற்றச் செயல், ஜெயில்ல போடணும்னே எழுதினாரு, போலீஸ் புகார் வரைக்கும் போச்சு. அவரோட பையன் மாதிரி இருந்தவரு உயிருக்குப் போராடிட்டு இருந்த ராத்திரி, அந்தக் கோபத்த நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா யூசிஐங்கறது கோபப்படற அமைப்பா இருக்கக் கூடாது. அந்த அறிக்கையில கை நீட்டினது ஒரே ஆள் பக்கம். அந்த ரேஸ் காலண்டர்ல எடம் குடுத்தது யாரு, அந்த ஃபினிஷ ஒத்துக்கிட்டது யாரு, அந்த பேரிகேட்ட வந்து பாத்தது யாரு, இந்தக் கேள்வியெல்லாம் அப்ப வரவே இல்ல. நவம்பர்ல தீர்ப்பு, ஒன்பது மாசத் தடை, 2021 மே 7 வரைக்கும். ஸ்பிரிண்ட்ல கோடு மாறினதுக்கு இவ்வளவு நீளமான தடை யாருக்கும் வந்து நான் பாத்ததில்ல. இந்த ஒன்பது மாசம் எதுக்கு? விலகினதுக்கா, இல்ல விலகினதால அடுத்தவனுக்கு ஆன காயத்துக்கா? விலகினதுக்குன்னா அதே மாதிரி விலகற எல்லாருக்கும் வரணும். காயத்துக்குன்னா அந்தக் காயத்துல ரோட்டுக்கும் தடுப்புக்கும் பங்கு உண்டே, அந்தப் பங்கு யார் கணக்குல எழுதினாங்க? எனக்கு இதுக்கு பதில் கெடைக்கல.

க்ரூனவேகன் பக்கமும் பாக்கணும். ஆஸ்பத்திரியில இருந்து வந்தவரு கேமரா முன்னாடி அழுதுக்கிட்டே மன்னிப்பு கேட்டாரு. அதுக்கப்புறம் வீட்டுக்கு மிரட்டல் கடிதங்க, கையால எழுதினது, பொறக்கப் போற குழந்தைய சேத்து. போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியிருந்துச்சு, கொஞ்சம் வெளிக் காத்து வாங்கணும்னா கூட போலீசுக்கு போன் பண்ணிட்டு தான் போகணும்ங்கற நிலமை. 2017ல பாரிஸ்ல ஷான்ஸ் எலிஸேல ஜெயிச்சவரு, டூர் டி ஃபிரான்ஸ்ல அதுவரைக்கும் நாலு ஸ்டேஜ் எடுத்தவரு, திரும்ப சைக்கிள் மேல ஏறணுமாங்கற யோசனைக்கே போயிட்டாரு.

2021 வசந்த காலத்துல ரெண்டு பேரும் ஆம்ஸ்டர்டாம்ல சந்திச்சாங்க. இந்த எடத்துல படிக்கறவங்க கட்டிப்புடிச்சு அழுதாங்கன்னு எதிர்பாப்பாங்க, அப்படி நடக்கல. சந்திச்சோம், மனசுக்கு நல்லா இருந்துச்சுங்கற மாதிரி க்ரூனவேகன் போட்டாரு. யாகோப்சன் உடனே மறுத்து எழுதினாரு, நேர்ல அவரு தனிப்பட்ட முறையில மன்னிப்பு கேக்கல, தான் செஞ்சதுக்கு பொறுப்பும் ஏத்துக்கல, சமரசம்னா அதுக்கு ரெண்டு பேரும் வேணும்னு. எனக்கு இந்த நேர்மை புடிச்சிருந்துச்சு. பாதிக்கப்பட்டவன் பெருந்தன்மையா மன்னிக்கணும்னு வெளிய இருக்கற நாம ஆசைப்படறோம், பல்லு போனது நமக்கு இல்லயே. அதே நேரம் வக்கீல் நோட்டீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் ஓடிட்டு இருக்கும்போது ஒருத்தன் வாயத் திறந்து ஆமா என் தப்புன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்ங்கறதும் புரியுது.

யாகோப்சன் ரேஸுக்கு திரும்பினது 2021 ஏப்ரல், துருக்கி ரேஸ். கால் பலம் திரும்பறது ஒரு வேலை, ஆனா ஸ்பிரிண்டருக்கு அது பாதி தான். இருநூறு பேரு முழங்கை உரசற கூட்டத்துல, இந்தப் பக்கம் தடுப்பு அந்தப் பக்கம் எவனோ ஒருத்தன், அந்த சந்துக்குள்ள திரும்ப தலைய விடணும். மொத மாசங்கள்ல அவரு ஸ்பிரிண்டே அடிக்காம மத்தவங்களுக்கு வேலை செஞ்சு பின்னாடியே வந்து பழகினாரு. டீம் அவசரப்படுத்தல.

ஜூலைல பெல்ஜியத்துல டூர் டி வாலோனி. மொத நாள் ஜெயிச்சது யாரு தெரியுமா, க்ரூனவேகன், தடைக்கு அப்புறம் மொத வெற்றி. அடுத்த நாள் ஜோல்டர்ல யாகோப்சன், விபத்துக்கு அப்புறம் மொத வெற்றி. ரெண்டு பேரும் ஒரே ரேஸ்ல அடுத்தடுத்த நாள்ல திரும்ப வந்தாங்க. யாராவது கதையா எழுதியிருந்தா நம்ப மாட்டோம்.

அதுக்கு அடுத்த மாசம் ஸ்பெயின்ல வுவெல்டா, மூணு வாரம் நடக்கற பெரிய ரேஸ். ஆகஸ்ட் 17, நாலாவது ஸ்டேஜ், மொலினா தே அரகோன் ஊர்ல யாகோப்சன் ஜெயிச்சாரு. விழுந்து ஒரு வருஷம் பன்னெண்டு நாள். அப்புறம் லா மங்கால ஒண்ணு, சாந்தா க்ரூஸ் தே பெஸானால ஒண்ணு, மொத்தம் மூணு ஸ்டேஜ், கடைசியில பாயிண்ட்ஸுக்கான பச்சை ஜெர்சியும் அவருக்கு தான். இதுல என் மனசுல நின்னது அவரு ஜெயிக்காத ஒரு நாளு. பதிமூணாவது ஸ்டேஜ், கடைசி நேரத்துல யாகோப்சன் பின்தங்கிட்டாரு, அவருக்கு லீட் அவுட் குடுக்க வேண்டியவரே ஸ்பிரிண்ட் அடிச்சு ஜெயிச்சாரு. அந்த ஆளு தான் செனெஷால், கடோவிட்சேல தலைய தூக்கிப் புடிச்சவரு.

2022ல டூர் டி ஃபிரான்ஸ் டென்மார்க்ல ஆரம்பம். முந்தின வருஷம் நாலு ஸ்டேஜும் பச்சை ஜெர்சியும் எடுத்த மார்க் கேவண்டிஷ வீட்டுல விட்டுட்டு டீம் யாகோப்சன கூட்டிட்டு போச்சு, அதுக்கு ஏகப்பட்ட விமர்சனம். ஜூலை 2, ரெண்டாவது ஸ்டேஜ், பதினெட்டு கிலோமீட்டர் நீளக் கடல் பாலத்த தாண்டி நியூபோர்க்ல ஃபினிஷ். யாகோப்சன் பெல்ஜியத்துக்காரர் வான் ஆர்ட்ட தாண்டி ஜெயிச்சாரு, அவரோட மொத டூர், மொத ஸ்பிரிண்ட். அடுத்த நாள் சோண்டர்போர்க், ஃபோட்டோ ஃபினிஷ், ஜெயிச்சது க்ரூனவேகன். டயர் அகல வித்தியாசம். திரும்பவும் அடுத்தடுத்த நாள், இந்த தடவ உலகத்துலயே பெரிய ரேஸ்ல. க்ரூனவேகன் லைன தாண்டி குனிஞ்சு அழுதாரு. அந்த ரெண்டு நாளும் நான் கை தட்டினேன், ரெண்டாவது நாள் கை தட்டினப்ப 2020ல நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்துச்சு.

அதே டூர்ல பதினேழாவது ஸ்டேஜ், பிரனீஸ் மலையில பெராகூட். ஸ்பிரிண்டருக்கு மலை எமன். ஜெயிச்சவன் நேரத்துல இருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள்ள வரலேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. டீம் ஆளுங்க எல்லாம் மேல லைன்ல நின்னு கத்தறாங்க, கடிகாரம் ஓடுது, யாகோப்சன் அந்த செங்குத்துல சைக்கிள ஆட்டி ஆட்டி தள்ளிக்கிட்டு வந்து சில செகண்ட் மிச்சம் வச்சு உள்ள வந்து சரிஞ்சாரு. ஆகஸ்ட்ல மியூனிக்ல ஐரோப்பிய சாம்பியன்.

இந்த கேஸால என்ன மாறுச்சு? 2021ல யூசிஐ பாதுகாப்பு விதிகள கொண்டு வந்துச்சு. ஆனா அந்தப் பட்டியல்ல பேப்பர்ல பெருசா பேசப்பட்டது என்னன்னா, இறக்கத்துல ரைடர் சீட்ட விட்டு எறங்கி சைக்கிளோட மேல் குழாய்ல குனிஞ்சு உக்காரக் கூடாதுங்கறது. திரும்பவும் ரைடர் பக்கம். நல்ல வேலைய சில ரேஸ் நடத்தறவங்க தாங்களா செஞ்சாங்க, பெல்ஜியத்து கிளாசிக்னு சொல்ற ஒரு நாள் ரேஸ்கள்ல சாஞ்ச வாக்குல இருக்கற, கால் நீட்டாத, அடி வாங்கினா அதிர்வ உள்வாங்கற புது தடுப்புங்க வந்துச்சு. 2024ல மஞ்சள் அட்டை முறைய சோதிச்சுப் பாத்தாங்க, தப்பா ஓட்டற ரைடருக்கும் டீம் காருக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் எல்லாம் அட்டை உண்டு. வரவேற்கிறேன். தப்பான எடத்துல ஃபினிஷ் லைன் போடறவங்களுக்கும் ஒரு அட்டை வேணும்ங்கறது தான் என் ஆதங்கம்.

இதுக்கு எதிரா ஒரு கேள்வி வரும், எனக்கே வந்துச்சு. ரோடு எப்படி இருந்தாலும் ஸ்பிரிண்டர் விழத்தானே செய்வான்? ஆமா விழுவான். 2023 டூர், நாலாவது ஸ்டேஜ், நோகாரோ. அது மோட்டார் ரேஸ் ட்ராக், அகலமான, வழவழப்பான தார், இறக்கம் இல்ல. அங்கயும் கடைசி கிலோமீட்டர்கள்ல மாத்தி மாத்தி விழுந்தாங்க, விழுந்தவங்கள்ல யாகோப்சனும் ஒருத்தர். தோல் உரிஞ்சுது, ஜெர்சி கிழிஞ்சு முதுகு தெரிஞ்சுது. எந்திரிச்சு, சைக்கிள எடுத்து, தானே ஓட்டிக்கிட்டு வந்து லைன தாண்டினாரு. அடுத்த நாள் காலையில திரும்ப ஸ்டார்ட்ல நின்னாரு.